அந்த விவசாயிக்குப் பதில் எழுது

அன்பு மகளுக்கு,

யாரோ ஒரு விவசாயி வண்டுப் படம் அனுப்பி விவரம் கேட்டிருக்கிறார், ஆராய்ச்சிக்கு நடுவில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று போனில் சொன்னாய். அப்போது பேசாமல் விட்டுவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை.

இப்போது டார்வினின் கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அறிஞர்களுக்கு எழுதியதைவிட, வயதான காலத்தில் கென்ட்டில் இருந்த தன் கிராமத்து வீட்டிலிருந்து முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதியவைதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன.

1882 பிப்ரவரி. அவருக்கு 73 வயது, நெஞ்சுவலி வேறு. நார்தாம்டனிலிருந்து கிரிக் என்ற காலணித் தொழில்காரர் எழுதுகிறார்: பிடித்த நீர்வண்டின் காலை ஒரு குட்டிச் சிப்பி கவ்விக்கொண்டிருக்கிறதாம். டார்வின் உடனே பதில் போடுகிறார். சிப்பி எவ்வளவு நீளம், எந்தக் கால், காலில் எவ்வளவு சிக்கியிருக்கிறது? அத்தனையும் கேள்வி. கிரிக் வண்டையே அனுப்பிவிட்டார். வந்து சேர்ந்தபோது அதற்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. துடிக்காமல் சீக்கிரம் உயிர் போகட்டும் என்று, லாரல் இலையை நறுக்கிப் போட்ட பாட்டிலில் டார்வின் அதை விட்டார். அந்த இலையின் நச்சு ஆவி போதும்.

குளத்துச் சிப்பி இன்னொரு குளத்துக்கு எப்படிப் போகிறது என்பது அவர் வருடக்கணக்காக யோசித்த விஷயம். பறக்கும் வண்டின் காலைப் பிடித்துக்கொண்டும் போகலாம்! 'நேச்சர்' அறிவியல் இதழில் ஏப்ரல் 6 அன்று அவர் எழுதிய குறிப்பு வந்தது. 19ஆம் தேதி இறந்துவிட்டார். டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் அந்தக் காலணித் தொழில்காரரின் பேரன். அது தெரிந்தா டார்வின் பதில் எழுதினார்? வண்டுக்காக எழுதினார்.

அசட்டுத்தனமான கடிதங்களுக்கும் பதில் போடுவாராம். போடாவிட்டால் மனசு உறுத்தும் என்பாராம், அவர் மகன் எழுதியிருக்கிறார். 1881இல் வந்த மண்புழுப் புத்தகத்தில் நம் நீலகிரியில் மண்புழு வெளித்தள்ளிய மண்ணின் படம்கூட இருக்கிறது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, பாப்பா. அங்கங்கே இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள், அனுப்பினார்கள்.

சரி, இந்த வாரமே அந்த விவசாயிக்கு நாலு வரி எழுது. எந்தச் செடியில் பார்த்தார், பகலிலா ராத்திரியிலா என்று நீயும் கேள். அப்புறம் அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு. அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
அப்பா