கலைக்கு, பாலக்கோட்டிலிருந்து

அன்புள்ள கலை,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம்தான். எடுத்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதற்கு நான் என்ன பதில் எழுத? அதனால்தான் பேப்பரை எடுத்தேன். தீபாவளிப் பார்சல் கவரில் இருந்த புது விலாசத்துக்கே அனுப்பச் சொல்லி உங்கப்பாவிடம் கொடுக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று மட்டுமாவது சொல். வேளைக்குச் சாப்பிடு.

விஷயம் இதுதான். மாவட்ட அளவிலான வினாடி வினாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தர்ஷுவையும் பின்தெரு கோபியையும் எடுத்திருக்கிறார்கள். 23ஆம் தேதி, சனிக்கிழமை, தர்மபுரியில். தலைப்பு உலக வரலாறு. சேதி வந்த அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லையாம். "அம்மா பிஸி ஆயா" என்கிறாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை தன் சந்தோஷத்தைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

உன் பழைய லாங் சைஸ் நோட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கும்போது எழுதினாயே, அதுதான். அட்டையைக் கரையான் தின்றுவிட்டது, உள்ளே ஊதா மை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் ஸ்கேல் வைத்துக் கோடு. உன் கையெழுத்தை இவளிடம் காட்டி, இப்படி எழுதணும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, இவள் சிவப்புப் பேனாவை எடுத்து உன்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். ஐ.நா. உறுப்பு நாடுகள் 185 என்று எழுதியிருந்தாய். அதை அடித்துவிட்டு 193. "அம்மா தப்பா எழுதியிருக்காங்க." தப்பில்லடி, உங்கம்மா எழுதின காலத்தில் 185தான் என்றேன். அப்புறம் வந்து சேர்ந்தவர்களில் சுவிட்சர்லாந்தும் ஒன்று. ஜெனீவாவில் ஐ.நா.வின் அத்தனை பெரிய அலுவலகத்தை வைத்துக்கொண்டு, உறுப்பினராக 2002இல்தான் சேர்ந்தார்கள். கடைசியாக வந்தது தெற்கு சூடான், 2011இல். இந்த இரண்டும் கட்டாயம் கேட்பார்கள், குறித்துக்கொள் என்றேன். குறித்துக்கொண்டாள்.

அடுத்த பக்கத்தில் ஜைர். "இந்த நாட்டை மேப்ல காணோம் ஆயா" என்றாள். காங்கோ என்றிருந்த பேரை 1971இல் மொபுட்டு ஜைர் என்று மாற்றினான். 1997இல் அவன் நாட்டை விட்டு ஓடியதும் மறுபடி காங்கோ. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பழைய பேருக்கே வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

தீபாவளிப் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள்தான் கலை. அனுப்புநர் இடத்தில் எஸ். கலைச்செல்வி என்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நீ எஸ். போட்டு நான் பார்த்ததில்லை. கூரியர்காரன் அவசரத்தில் எழுதியிருப்பான் என்கிறார் உங்கப்பா. அந்த ‘லை’யின் கொம்பை அப்படி இழுத்து எழுதுகிறவள் யார் என்று எனக்குத் தெரியாதா? சரி, அது கிடக்கட்டும். ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது. இங்கே காலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள்.

வினாடி வினாவுக்கு வருகிறேன். அப்பா கடையில் ஒரு கையேடு வாங்கி வந்தார். காகிதம் பளபளவென்று இருக்கிறது, பாதி விடைக்குக் காரணமே இல்லை. முப்பது வருஷம் சமூக அறிவியல் எடுத்தவள் கையில் அதைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? ஒவ்வொன்றாகப் பிரித்து உட்கார்ந்தோம். பேரைக் கேட்டதுமே பட்டனை அழுத்திவிடுகிறாள், அதுதான் இவளிடம் வினை. நூறாண்டுப் போர் எத்தனை வருஷம் என்றால் "நூறு!" 1337இல் ஆரம்பித்து 1453இல் முடிந்தது, கழித்துப் பார் என்றால் நாக்கைக் கடிக்கிறாள். 116. அக்டோபர் புரட்சியும் அப்படித்தான். ரஷ்யாக்காரர்கள் அப்போது பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் 1917 அக்டோபர் 25, மற்றவர்களுக்கு அன்றைக்கு நவம்பர் 7. அடுத்த வருஷம் ஜனவரி 31க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 என்று வைத்துச் சரிக்கட்டினார்கள். கேள்வி கேட்கிறவர் எந்தத் தேதியை அட்டையில் வைத்திருப்பாரோ, அதனால் இரண்டையும் சேர்த்தே சொல் என்று பழக்கியிருக்கிறேன். பாஸ்டில் சிறையை 1789 ஜூலை 14இல் உடைத்தபோது உள்ளே எத்தனை கைதிகள்? ஏழே பேர். இதைக் கேட்டுக் கோபி விழுந்து விழுந்து சிரித்தான். இவ்வளவு சண்டை ஏழு பேருக்காகவா டீச்சர் என்றான். சிறைக்குள்ளே வெடிமருந்தும் இருந்ததப்பா என்றேன். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது 1914 ஜூன் 28, அதனால் மூண்ட முதல் உலகப் போரெல்லாம் முடிந்து வெர்சாயில் கையெழுத்துப் போட்டது 1919 ஜூன் 28. தேதி ஒன்றுதான் என்பதால் இதை இருவரும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள்.

உலக வரலாறு என்றால் நம் ஊர் அதில் வராது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது, உனக்குத் தெரியும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், அப்புறம் சிரியாப் பக்கம் ஆண்ட யவன ராஜா அந்தியோகன், எல்லாரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். அங்கெல்லாம் மனுஷருக்கும் கால்நடைக்கும் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததாகச் சேதி. அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஜம்பைக் கல்வெட்டில் ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று பேர் கிடைத்த பிறகுதான் அது நம் தகடூர் அதியமான் குலம் என்று தெளிந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கப்பா குறுக்கே வந்து, "அப்பவே மாட்டுக்கு வைத்தியம் இருந்திருக்கு, நம்ம கறுப்பிக்கு இன்னிக்கு டாக்டர் வரமாட்டேங்கறார்" என்றார். பாடம் அதோடு கெட்டது.

வருஷா வருஷம் வகுப்பில் நான் கேட்பேனே ஒரு கேள்வி, அதையும் கேட்டேன். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி யார்? கார்ன்வாலிஸ். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாளை ஒப்படைக்கத் தனக்கு அடுத்தவரை அனுப்பினாரே, அதே மனுஷர்தான். இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாரமகாலை வாங்கிக்கொண்டார். பாரமகால் என்றால் இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமைதான். நீ பிறந்த மண் கைமாறிய கதை இது என்று கொஞ்சம் ஜோராகவே சொன்னேன். பாக்கிப் பணம் கட்டும் வரைக்கும் திப்புவின் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிணையாகக் கொண்டுபோனார்கள் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அந்தப் பசங்க திரும்பி வந்தாங்களா ஆயா?"

1794இல் அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

"ரெண்டு வருஷமா? அவங்கம்மா வந்து பாத்தாங்களா?"

அது புஸ்தகத்தில் இல்லை கண்ணு என்று எழுந்து, அடுப்பில் பால் வைக்கப் போய்விட்டேன்.

ஜூன் மாதம் கொண்டுவந்து விட்டபோது, "இந்த ஒரு வருஷம் மட்டும்மா, புராஜெக்ட் வேலை தலைக்கு மேல இருக்கு" என்றாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பேத்தி கூட இருப்பது எங்களுக்குப் பாரமா? இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே எத்தனை நாளாயிற்று. ஆனால் ஆயுத பூஜைக்கு வந்து ஒரு ராத்திரி தங்கியவள், தீபாவளிக்குத் துணியை மட்டும் அனுப்பினால் பிள்ளை என்ன நினைக்கும்? நாங்கள் என்ன நினைப்பது? இந்தத் தெருவில் முதல் இன்ஜினியர் நீதான். இன்றைக்கும் யார் வீட்டுப் பெண் காலேஜில் சேர்ந்தாலும் "கலை மாதிரி வரணும்" என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. போனை எடு. வேளைக்குச் சாப்பிடு.

மாரண்டஅள்ளிக் கல்யாணத்தில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். வேலை என்றேன். மாப்பிள்ளையை ஓசூரில் பார்த்தேன் என்று உன் சித்தப்பா ஏதோ ஆரம்பித்தார். பந்தி போடுகிறார்கள் என்று எழுந்து போய்விட்டேன். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் தர்ஷுவிடம் போனில் பேசுகிறார். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். பேசிவிட்டு இறங்கி வந்தால் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

தக்காளி விலை படுத்துவிட்டது, ராயக்கோட்டைக்கு ஏற்றினால் வண்டி வாடகைக்கே காணாது என்கிறார்கள். சரோஜா பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாள்.

மேல் ரூமுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. தர்ஷு படிக்க என்று அப்பா சொல்கிறார். ஒரு பிள்ளை படிக்க டபுள் காட்டும் பெரிய பீரோவும் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தினமும் ஆறு மணிக்குப் பயிற்சி. பழைய காலிங் பெல்லை அப்பா ஒரு பலகையில் திருகிக் கொடுத்திருக்கிறார். அழுத்தினால் குருவி கத்துகிறது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் குருவிச் சத்தத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இவளிடம் ஒரே ஒரு குறை. தெரியாத கேள்விக்கு பாஸ் சொல்லவே மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முப்பது விநாடியும் நிற்பாள். பக்கத்தில் கோபி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், பாவம், அவனுக்கு விடை தெரிந்தாலும் சொல்லலாமா கூடாதா என்று புரியாது. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிருஷ்ணகிரி ஃபைனலில் மேடையில் நீ நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாஸ் சொன்னால் மார்க் ஒன்றும் குறையாதுடி, கேள்வி அடுத்தவரிடம் போகும், அவ்வளவுதான் என்று தினமும் சொல்கிறேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. யாரும் அடிக்கப் போவதில்லை. தினமும் சொல்கிறேன், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அப்படியே நிற்கிறாள். நீ சொன்னால் கேட்பாளோ என்னவோ. இல்லை, உனக்கே நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

போட்டிக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவளே நிரப்பினாள். தாய் பெயர் எழுதிவிட்டாள், போன் நம்பர் இடத்தில் என் நம்பர். தந்தை பெயர் இடத்தில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள், மற்றதெல்லாம் பேனா. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. 20ஆம் தேதிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேனாவால் எழுதச் சொல்லவா என்று மட்டும் சொல், போதும். எந்தப் பதிலானாலும் சரி.

பெற்றோர் வரலாம் என்று போட்டிருக்கிறது. ஒன்பது மணிக்குள் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டுமாம். ரயிலில் வந்தால் பாலக்கோட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம், தர்மபுரி வரைக்கும் போகவேண்டாம். அவளுடைய கறுப்பு ஷூ அங்கே இருக்கிறதாமே, எடுத்து வா. உன் துணிமணியும் நாலு சேர்த்தே எடுத்து வா, இங்கே இருக்கிற நைட்டியெல்லாம் பழசு.

அன்புடன்,
அம்மா

கலைம்மா, அப்பா எழுதறேன். கவரை ஒட்டுமுன் படித்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லாதே. மோட்டார் சரியாகிவிட்டது. டாக்டர் நேற்று வந்துவிட்டார், கறுப்பி தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை எந்த வண்டி என்று தகவல் கொடு, எத்தனை மணியானாலும் ஸ்டேஷனில் நிற்கிறேன். பெட்டி பெரிதாக இருந்தால் முன்கூட்டியே சொல், கோபி அப்பாவின் ஆட்டோவைச் சொல்லிவைக்கிறேன்.