அரக்கு கத்தரிப்பூ ஆன கதை

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி முழங்கால் உயரத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் அவள் சொத்து. என் மூட்டுவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விருதுநகருக்கு வருகிற மழை வழக்கம்போல சாத்தூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது.

சரி, உன் மானிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் "சரி சரி" என்று வைத்துவிடுகிற ஆள். எழுதி அனுப்பினால் கையில் வைத்துக்கொண்டாவது செய்வாய்.

திரை முழுக்க ரோஸ் அடிக்கிறது, மேஜையைத் தட்டினால் சரியாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ரோஸ். கடைக்காரர் பேனல், அதாவது உள்ளே படம் காட்டுகிற பலகை, போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். வாங்காதே. தட்டினால் சரியாகிற வியாதிக்கு முதலில் பார்க்க வேண்டியது கேபிளைத்தான். திரையில் நாம் பார்க்கிற நிறமெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் போகிற உன்னுடைய பழைய விஜிஏ கேபிளில் இந்த மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும். சிவப்பு போனால் ஆகாய நீலமாகும். பச்சை போனால் உன் ரோஸ்.

ஒரு சின்னச் சோதனை. திரை ரோஸாக இருக்கிற நேரம் பார்த்து, மானிட்டரில் இருக்கிற மெனு பட்டனை அழுத்து. அந்த மெனுவை மானிட்டரே வரைகிறது, கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை. பின்னால் இருப்பது ரோஸாக இருந்து, மெனு மட்டும் ஒழுங்கான நிறத்தில் வந்தால் பேனல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கேபிளையோ கம்ப்யூட்டரையோ பார்த்தால் போதும். மெனுவும் ரோஸாக வந்தால்தான் கடைக்காரர் சொன்னதைக் கேட்க வேண்டும்.

அப்புறம் இரண்டையும் அணைத்துவிட்டு கேபிளைக் கழற்றிப் பார். மூன்று வரிசையாக ஊசிகள் இருக்கும். மேல் வரிசையில் முதல் மூன்றுதான் சிவப்பு, பச்சை, நீலம். இரண்டாவது ஊசி வளைந்தோ உள்ளே போயோ இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார். வளைந்திருந்தால் லீட் போடுகிற பென்சிலின் காலி முனையை அதில் மாட்டி மெதுவாக நிமிர்த்து. மொத்தம் 15 இருக்க வேண்டும், ஆனால் நடு வரிசையில் ஒன்று இல்லாமல் 14 மட்டும் இருந்தால் பதறாதே. ஒன்பதாம் ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே கிடையாது. திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கத் திருகையும் முறுக்கு. நீ அதை முறுக்கியிருக்கவே மாட்டாய், எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது நம் கம்ப்யூட்டர் சென்டர் ஞாபகம் வருகிறது. பாட்டுக் கேட்கவென்று நீ ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அந்தப் பெரிய டப்பா மானிட்டரை ஒட்டி வைத்தாயே. மறுநாள் திரை மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு. வைரஸ் என்று சொல்லி ஒரு மணி நேரம் எல்லோரையும் வெளியே நிற்க வைத்தார் சார். ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம் அந்த மானிட்டரின் படக்குழாய்க்குள் எலக்ட்ரான்களைத் தடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, ஏறிய காந்தத்தை நீக்குகிற டீகாஸ் பட்டனை அழுத்தியதும் "டொய்ங்" என்று திரையே ஒரு குலுங்கு குலுங்கி நிறம் திரும்பியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உனக்கு வந்தது பார்த்தவுடன் தெரிகிற கோளாறு. நான் மாட்டிக்கொண்டது அப்படி இல்லை. மூன்று மாதம் எனக்குத் தெரியவே இல்லை.

ஆவணி முகூர்த்தம் முழுக்க ராத்திரி உட்கார்ந்துதான் ஆல்பம் டிசைன் செய்தேன். பகலில் கடையில் கூட்டம். மண்டபத்து விளக்கில் எடுத்த படங்கள் எப்போதுமே கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், அதைக் குறைத்து நீலத்தைக் கூட்டுவது எனக்குக் கைப்பழக்கம். இந்தத் தடவை ரொம்பவே மஞ்சளாக இருக்கிறதே என்று நன்றாகவே இழுத்துக் குறைத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆல்பம் அச்சடிக்கிற லேபுக்கு அனுப்பினேன். ஆல்பம் வந்தால் முகமெல்லாம் வெளிறிப்போய், குளிரில் நின்ற மாதிரி. லேபுக்காரரோடு சண்டை. "உங்கள் மெஷினைப் பாருங்கள்" என்று நான், "உங்கள் ஃபைலைப் பாருங்கள்" என்று அவர். கடைசியில் ஒரு பெண்ணின் அம்மா கடைக்கே வந்துவிட்டார். "நாங்க காஞ்சிபுரத்துல எடுத்தது அரக்கு. நீங்க போட்டிருக்கறது கத்தரிப்பூ." ஆல்பத்தை விரித்து மேஜையில் வைத்துவிட்டு நின்றார். என்ன பதில் சொல்ல?

காலை பதினோரு மணி. அவர் முன்னாலேயே அந்தப் படத்தைத் திறந்தேன். என் திரையிலும் புடவை கத்தரிப்பூ. நேற்று வரை அரக்காக இருந்தது! அப்போதுதான் உறைத்தது. ராத்திரி ஒரு நிறம், பகலில் ஒரு நிறம்.

சாயங்காலம் ஏழு அடித்ததும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெல்ல, யாரோ எண்ணெய் விளக்கை முன்னால் நகர்த்துகிற மாதிரி மஞ்சள் ஏறியது. நைட் லைட். விண்டோஸில் 2017இல் வந்த வசதி, ராத்திரியில் திரையின் நீல ஒளியைக் குறைக்கிறது. என் சின்னவள் ஆன்லைனில் படிக்கும்போது கண் வலிக்கிறதென்று நேரம் குறித்து வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவும் செய்தாளாம், நான்தான் தலையாட்டினேனாம். இருக்கும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், எனக்குக் கண் நன்றாக இருந்து திரைக்குக் காமாலை.

நடுவில் ஒரு தடவை லேபுக்காரர் கேட்டாரென்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தேன். அவர் நீலமாக இருக்கிறது என்றார், நான் அவர் கண்ணைச் சந்தேகப்பட்டேன். திரைக்குப் போகிற கடைசிக் கட்டத்தில்தான் அந்த மஞ்சள் பூசப்படுகிறது, ஸ்கிரீன்ஷாட்டில் அது விழாது. மனுஷன் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தார், அதுதான் இன்னும் கூசுகிறது.

நைட் லைட்டை அணைத்தேன். மானிட்டர் மெனுவில் நிறத்தைப் பகல் வெளிச்சத்துக்கு நிகரான 6500 கெல்வினில் வைத்தேன். அப்படியும் படம் பார்க்கிற மென்பொருளில் மட்டும் வெள்ளை பழுப்பாகத் தெரிந்தது. அது மானிட்டரோடு வந்த நிற ப்ரொஃபைல், அதாவது எந்த நிறத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்கிற ஃபைல், கெட்டுப்போனதால். விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட்டில் அதை எடுத்துவிட்டு, பொதுவான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைப் போட்டதும் போய்விட்டது. எல்லா இடத்திலும் நிறம் மாறினால் கேபிள், செட்டிங்ஸ் என்று தேடு. ஒரே மென்பொருளில் மாறினால் ப்ரொஃபைலைத் தேடு.

அந்த அம்மாவுக்கு என் செலவில் ஆல்பம் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அரக்கு அரக்காகவே வந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முந்தானைத் துண்டை ஒட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

இப்போது மானிட்டர் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். வேலையை ஆரம்பிக்கும் முன் திரையின் வெள்ளையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க. போன வாரம் உன் தங்கச்சி அதில் பால் கணக்கு எழுதிவிட்டாள்.

கேபிளைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுது. பேத்தி கையில் கிடைக்கிற மாதிரி அதைக் கீழே தொங்கவிடாதே.

உன்
மாப்ளே