காயலான் கடைக்குப் போகாத இஞ்சின்

முத்துப்பேட்டை,
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்பு மாப்ள,

நலம்தானே? இங்கே மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. மேட்டூர் தண்ணீரை எதிர்பார்த்துக் கடைமடையில் உட்கார்ந்திருந்த நமக்கு வானமே கொடுத்துவிட்டது. சம்பா பச்சை பிடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். திருப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று வாரம் ஒருமுறை என்னைக் கேட்கிறாள், என்னவோ நான்தான் உனக்குச் சோறு போடுகிற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அந்தப் படகு இஞ்சினைக் காயலான் கடையில் போட்டுத் தொலை, என் பங்கு எனக்கு வேண்டாம்" என்று போன மாதம் போனில் சொன்னாய். நான் போடவில்லை. அதற்கான காரணத்தைப் போனில் சொல்ல முடியாது, நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் கடிதம்.

கோளாறு உனக்கே தெரியும். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். கோரையாற்றில் மெதுவாகப் போகிறவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. லகூனுக்குள், அதுதான் நம்ம காயலுக்குள், நுழைந்து கைப்பிடியை முழுசாக முறுக்கினால் இரண்டு நிமிடம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். அப்புறம் பாரவண்டி மாடு மாதிரி மூச்சு வாங்கி அமுங்கிவிடும். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி பழைய வேகம்.

முதலில் விசிறியைப் பார்த்தேன். தண்டில் தங்கூசி நைலான் நரம்பு ஒரு கை அளவு சுற்றியிருந்தது. அறுத்து எடுத்தும் பலன் இல்லை. விசிறியின் நடு ரப்பர் வழுக்குகிறதோ என்று மகளின் நகப்பாலிஷை எடுத்து, நடுத் தண்டிலிருந்து இறக்கை வரை ஒரு கோடு போட்டு ஓட்டினேன். திரும்பி வந்தபோதும் கோடு நேராகவே இருந்தது. யோசித்தால், ரப்பர் வழுக்கினால் இஞ்சின் அலறும், படகுதான் நகராது. நம்முடையதில் இஞ்சினே அல்லவா ஓய்கிறது? நகப்பாலிஷுக்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கார்புரேட்டரைக் கழுவினார், பிளக்கை மாற்றினார், கடைசியில் பிஸ்டன் போய்விட்டது என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு ஒருவரிடம் கேஜ் வாங்கிக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்த்தேன். ஒரு சிலிண்டர் 110, இன்னொன்று 105. இரண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. ஆக, நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, வாய்க்குத்தான் சோறு போகவில்லை.

அடுத்த நாள் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். இஞ்சின் இளைக்க ஆரம்பித்த நொடியில், பெட்ரோல் குழாய் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையை அமுக்கச் சொன்னேன். அவன் கை வைத்ததுமே, "அப்பா, இது சப்பையா ஒட்டிக் கிடக்கு" என்றான். பிசைந்து பிசைந்து விட்டான், படகு சட்டென்று பிய்த்துக்கொண்டு போனது! அப்போதே தெரிந்துவிட்டது. உருண்டை சப்பையாகிறது என்றால் இஞ்சின் உறிஞ்சுகிறது, டேங்க் பக்கத்திலிருந்து வரத்து இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. (ஒருமுறை நீ அதைத் திறக்க மறந்து, சாயங்காலம் வரை துடுப்புப் போட்டோமே, நான் மறக்கவில்லை.) குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். தாராளமாகப் போனது. அங்கேதான் ஏமாந்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன் மாப்ள. உள்தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறது. ஊதினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுகிறது. இஞ்சின் பலமாக உறிஞ்சும்போது மடிந்து அடைக்கிறது. நிறுத்தினால் மறுபடி விரிந்துவிடுகிறது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குழாய்க்கும் பதினைந்து வயசு ஆகிறது, பழியை எத்தனால் மேலேயே போட எனக்கு மனசு வரவில்லை.

இதில் நான் பயந்தது ஒன்று உண்டு. நம்முடையது மாதிரி டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. லிட்டருக்கு 20 மில்லி நாம் கலப்பதுதான் பிஸ்டனுக்கு உயிர். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அந்த நிலையில் பிடிவாதமாக முறுக்கிக்கொண்டே இருந்திருந்தால் மெக்கானிக் சொன்னது பலித்திருக்கும்.

புதுக் குழாய், புது உருண்டை, இரண்டு கிளிப். அவ்வளவுதான் செலவு. நேற்று நாலு பேர் ஏறி லகூனைக் கடந்தோம், ஒரு தடவைகூட இளைக்கவில்லை. அலையாத்தி மரங்கள் நன்றாகத் துளிர்த்திருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, இந்த இஞ்சினை நீயும் நானும் தோளில் தூக்கிவந்து அடுப்படியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடத்தினோம். படகு போயிற்று, இது மிஞ்சியது. இதை எடைக்குப் போடச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

பொங்கலுக்கு வா. மடவை மீன் கிடைத்தால் அம்மா குழம்பு வைப்பாள். பழைய குழாயில் அறுக்காமல் ஒரு சாண் எடுத்து வைத்திருக்கிறேன். வந்ததும் ஊதிப் பார், அப்புறம் உறிஞ்சியும் பார்.

உன்,
மச்சான்