தாகத்துக்கு மோர், பசிக்குக் கெட்டித் தயிர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரதம் கூடுதலாகச் சேர்த்த பால் பானம் குடித்தால் பசியே எடுக்காது என்ற பேச்சு பாம்பன், மண்டபம் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் காசைக் கொட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி வே புரதம். கேசீன் இரைப்பையில் அமிலம் பட்டதும் திரிந்து கட்டியாகிறது. அது கரைந்து இறங்கச் சில மணி நேரம் ஆகும். வே திரியாது, சீக்கிரம் குடலுக்குப் போய்விடும். புரதம் வந்து சேர்ந்ததும் குடலில் ஜிஎல்பி-1, சிசிகே போன்ற ஹார்மோன்கள் சுரந்து மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்கின்றன. பசியைக் கிளப்பும் கிரெலின் தணிகிறது. சாளை மீனும் பருப்பும் இதே வேலையைச் செய்யும். பானத்துக்கு ஒரு குறைகூட உண்டு: மெல்லாமல் மடமடவென்று உள்ளே போவதால் வயிறு அதைச் சாப்பாட்டுக் கணக்கில் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. கலோரி ஒன்றாகவே இருந்தாலும், கெட்டியான பானம் நீர்த்ததைவிட அதிகம் நிறைவு தரும்.

நம் பக்கத்துக் குழப்பம் இங்கேதான். தயிரில் 100 கிராமுக்குச் சுமார் மூன்றேகால் கிராம் புரதம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்தால், 200 மில்லி டம்ளரில் ஒன்றரை கிராம்தான் மிஞ்சும். கடலில் பாசி எடுக்கப் போகிறவர் காலையில் ஒரு செம்பு மோரோடு கிளம்பினால், வயிறு நிறைந்தது தண்ணீரால். அது இறங்கியதும் பசி திரும்பிவிடும். மோர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பு போட்ட மோர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அருமையானது. ஆனால் அது தாகத்துக்கு. பசிக்கு வேறு வேண்டும்.

செய்முறை எளிது. அரை லிட்டர் டோன்டு பால், 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் (மேசைக்கரண்டியால் மூன்று). பவுடரைக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி கட்டியாகும். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் கூழாகக் கரைத்து, பிறகு மொத்தப் பாலில் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். விரல் சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் ஒரு சின்னக் கரண்டி உறைமோர். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் உறையாது. உறைமோர் கூடினால் புளித்துத் தண்ணீர் விடும். கடற்கரை வெக்கையில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் தயிர் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இதில் பாதியை இஞ்சி, கறிவேப்பிலை, உப்போடு தண்ணீர் அதிகம் விடாமல் அடித்தால் ஒருவருக்கு 12 கிராம் புரதம் கிடைக்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது ஏறக்குறைய 46 கிராம். அதில் கால்வாசி இது.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, மெதுவாகக் குடிக்க வேண்டும். பிறகு சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். வழக்கம்போல் தட்டை நிரப்பினால் 190 கலோரி கூடியதுதான் மிச்சம். ‘பசி குறைந்தது’ என்று சொல்பவர்கள் அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குறைப்பதாக எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை.

தயிராக்காமல் பாலிலேயே பவுடரைக் கலக்கிக் குடிப்பவர்கள் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் சேராதவர்களுக்கு அது வயிற்றை உப்ப வைக்கும். அந்த உப்பலைப் பசி அடங்கியதாக எண்ணிக்கொள்வதுதான் வேடிக்கை! தயிரில் இந்தத் தொல்லை குறைவு.

கடையில் வாங்கும்போது முன்பக்க எழுத்தை விடுங்கள், பின்பக்கம் பாருங்கள். மால்ட் பவுடர்களில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பெரிதாகப் போட்டிருக்கும்; நீங்கள் கலக்குவதோ இரண்டு கரண்டி. வாசனைப் பாலில் சர்க்கரை, பாலின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்து, புரதத்தைப்போல மூன்று மடங்குக்குப் போகும். இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலில் காட்ட வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

வடகடலுக்கோ (பாக் நீரிணை) தென்கடலுக்கோ (மன்னார் வளைகுடா) மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் இந்தத் தயிர்ப் பானத்தைப் போத்தலில் எடுத்துப் போனால் ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மீன் ஐஸ் உருகிய தண்ணீர் மூடியில் படாதபடி தனிப் பையில் கட்டி வையுங்கள். வெளியே கிடந்து சூடேறியதைக் குடிக்காதீர்கள். குடிதண்ணீர் தனியாக இருக்கட்டும், கெட்டித் தயிர் தாகம் தீர்க்காது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதைக் குடித்துவிட்டுச் சோற்றைக் குறைக்கும் முன் மருந்தளவைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோர ஊர்களில் உணவு ஆலோசனை தருவோர் சிலர்