வேத வாசிப்புக்கு எந்த ஆப், எந்த மொழிபெயர்ப்பு?

குழுவில் உள்ள அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

தினசரி வாசிப்புக்கு யூவெர்ஷன் ஆப் போதும். முதலில் வைஃபையில் இருக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பை டவுன்லோட் செய்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் வெறுமையாய் நிற்பது இதைச் செய்யாததால்தான்.

மனப்பாடத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பையே (O.V.) வைத்துக்கொள்ளுங்கள், சபையில் வாசிப்பதும் அதுதான். பொருள் பிடிபடாத இடத்தில் 1995-இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் திறந்து பாருங்கள். அதில் ஆதியாகமம் 'தொடக்கநூல்' என்றிருக்கும். 1 யோவான் 5:7-ஐ இரண்டிலும் பாருங்கள்: பழையதில் உள்ள "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" திருவிவிலியத்தில் இராது. ஆப்பில் கோளாறு இல்லை. பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வரி கிடையாது, பிந்தியவை சிலவற்றில்தான் உண்டு.

தேடலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "விசுவாசம்" என்று முழுதாகத் தட்டினால் "விசுவாசத்தினால்" விடுபடலாம். சொல்லின் பகுதியையும் தேடும் ஆப் என்றால் கடைசி 'ம்' இல்லாமல் "விசுவாச" என்று மட்டும் கொடுங்கள். பழையதில் "கர்த்தர்" என்று தேடுவதைத் திருவிவிலியத்தில் "ஆண்டவர்" என்று தேட வேண்டும்.

மூலச் சொல் பார்க்க ப்ளூ லெட்டர் பைபிள், இலவசம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும். யோவான் 21:15-ஐத் தொட்டு இன்டர்லீனியரை (சொல்லுக்குச் சொல் மூலத்தைக் காட்டும் பகுதி) திறந்தால் இயேசு கேட்ட "அன்பாயிருக்கிறாயா"வுக்கு ஸ்ட்ராங்ஸ் எண் (ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் உள்ள அகராதி எண்) 25, பேதுருவின் பதிலில் உள்ள "நேசிக்கிறேன்" என்பதற்கு 5368 என்று வரும், அதாவது இரண்டும் வேறு வேறு கிரேக்கச் சொற்கள். அகராதியில் வரும் எல்லா அர்த்தத்தையும் ஒரே வசனத்தில் ஏற்றிவிடாதீர்கள். அந்த இடத்துக்குப் பொருந்துவது பெரும்பாலும் ஒன்றுதான்.

பழைய பிடிஎஃப்களிலிருந்து வசனத்தைக் காப்பி செய்து இங்கே போட வேண்டாம். யூனிகோடு அல்லாத எழுத்துரு என்றால் வெறும் கிறுக்கலாகத்தான் வருகிறது.