'முதல் பெண்' வரியில் ஒரு திருத்தம்

பொது அறிவுப் புத்தகம் தொகுப்பவர்களுக்கு,

வணக்கம். என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். நேற்று ராத்திரி சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: "ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முதல் பெண் தலைவர், சைமன் வெயில், 1979." அவர் பெயர் சிமோன் வெய். வெயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சரி, அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது 'பெண்' என்ற சொல்.

அதுவரை அந்த மன்றத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டதே கிடையாது. அந்தந்த நாட்டு நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களில் சிலரை அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். 1979 ஜூனில் ஒன்பது நாட்டு மக்கள் நேரடியாக 410 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 410 பேர் ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்கில் கூடித் தலைவராக உட்கார வைத்தது வெய்யை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு, ஆணோ பெண்ணோ, அவர்தான் முதல் தலைவர். 'பெண்' என்று சேர்த்து அதைப் பாதியாக்கிவிட்டீர்கள். அதே டிசம்பரில் அரசுகளோடு மோதி, 1980ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டையே நிராகரித்தது அந்த மன்றம்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1974 நவம்பரில், பிரான்ஸின் சுகாதார அமைச்சராகக் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவர்தான். எதிரே கிட்டத்தட்ட முழுக்க ஆண்கள். எந்தப் பெண்ணும் மனம் ஒப்பிக் கருவைக் கலைப்பதில்லை, பெண்களைக் கேட்டாலே போதும் என்றார். கருக்களை எரிஉலையில் போடச் சம்மதிப்பீர்களா என்று ஓர் உறுப்பினர் அவரைப் பார்த்துக் கேட்டார். பதினாறு வயதில் நீஸ் நகரில் பிடிபட்டு, நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர் அவர். தாயைப் பெர்கன்-பெல்சன் என்ற இன்னொரு நாஜி முகாமில் பறிகொடுத்தவர். தந்தையும் அண்ணனும் திரும்பி வரவேயில்லை. அவரிடம் போய் எரிஉலை! சட்டம் 284க்கு 189 என்று நிறைவேறியது.

2010இல் பிரெஞ்சு மொழிக்கான உயரிய அமைப்பான பிரெஞ்சு அகாதமி அவரைச் சேர்த்துக்கொண்டபோது, வழக்கப்படி ஒரு வாள் செய்து தந்தார்கள். அதில் 78651 என்று பொறித்திருந்தது. ஆஷ்விட்ஸில் அவர் கையில் பச்சை குத்திய எண்.

இத்தனையும் ஒரு வரிக்குள் அடங்காதுதான். அடுத்த பதிப்பில் "மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முதல் தலைவர் யார்?" என்று கேளுங்கள். அப்புறம், அந்த வெயிலையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தேர்வு எழுதப்போகும் ஒருத்தியின் அம்மா