சலுகை மட்டும் போதாது. வாசிக்கக் கற்றுத்தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளைப் பற்றி இப்போது முன்னைவிடக் கூடுதலாகப் பேசப்படுகிறது. தேர்வில் அதிக நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை ஆகிய சலுகைகளைப் பற்றிப் பெற்றோர் விசாரிக்கிறார்கள். பள்ளிகளும் ஓரளவு செவிசாய்க்கின்றன. இவை வேண்டியவைதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு வாசிக்கக் கற்றுத்தர முடியும், அதற்கென்று தனிப் பயிற்சிமுறை உண்டு, அதைப் பெறுவது அதன் உரிமை என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் சிறப்பாசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தக் குறைபாடு புதிதாக முளைத்ததன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அறிவுக்கூர்மையும் கணக்கில் தேர்ச்சியும் உள்ள அந்தப் பையனுக்கு, ஆண்டுக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தும் எளிய சொற்களைக்கூட வாசிக்க வரவில்லை. கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கடந்தும் இதே போன்ற குழந்தைகளை ‘சோம்பேறி’, ‘கவனம் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது வேதனை தருகிறது.

மார்கன் காலத்தில் இதைப் பார்வையோடு தொடர்புபடுத்தி ‘சொற்குருடு’ என்று அழைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் இருப்பது பேச்சொலிகளைக் கையாள்வதில்தான்: காதில் விழும் ஒரு சொல்லை அதன் ஒலிகளாகப் பிரிப்பதும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு இணைத்து மனத்தில் நிலைநிறுத்துவதும் அவர்களுக்குக் கடினமாக இருக்கின்றன. இதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. எழுத்தைத் திருப்பிப் போடுவதுதான் இதன் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் எழுதத் தொடங்கும் குழந்தைகள் பலரும் சில காலம் அப்படித்தான் செய்கிறார்கள். வண்ணக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் இந்தக் குறைபாட்டைத் தீர்ப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிக்கை வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் இவற்றுக்காகப் பணத்தையும், அதைவிட அருமையான காலத்தையும் இழக்கும் குடும்பங்கள் ஏராளம்.

பள்ளியில் வழக்கமாக நடப்பது என்ன? வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை அதே பாடத்துக்கு மறுபடியும் உட்கார வைக்கிறோம், பத்து முறை எழுதச் சொல்கிறோம், மாலையில் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறோம். அங்கும் அதே பாடம்தான், அதே வேகத்தில். பிள்ளையோ வேறு வழி தேடிக்கொள்கிறது. பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்து, வரியின் கீழே விரலை நகர்த்திக்கொண்டே ஒப்பிக்கும் குழந்தைகள் உண்டு. படத்தைக் கையால் மறைத்து, வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால், அந்தப் பிள்ளை மனத்துக்குள் வரியை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். இவ்வளவு உழைக்கும் குழந்தையைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

சிறப்பு வாசிப்புப் பயிற்சி வேறு வகையானது. அதில் எதையும் குழந்தை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் வெளிப்படையாக, எளிதிலிருந்து கடினத்துக்கு, முன்பு கற்றதன் மேல் அடுத்ததை வைத்துக் கற்பிக்கிறோம். பாடம் காதில்தான் தொடங்கும். ‘கல்’ என்று சொல்லி, முதல் ஒலியை மாற்றி ‘பல்’ ஆக்கச் சொல்வோம். பிறகு எழுத்து அட்டைகள் மேசைக்கு வரும். ‘பல்’ என்பதைப் ‘பால்’ ஆக்க என்ன சேர்க்க வேண்டும்? குழந்தை துணைக்காலை எடுத்து நடுவில் வைத்து, நீட்டிச் சொல்லிப் பார்க்கும். ‘பால்’ ‘பாய்’ ஆகும், ‘பாய்’ ‘வாய்’ ஆகும். ஒவ்வொரு முறையும் மாறுவது ஒன்றே ஒன்றுதான். எது மாறியது, எங்கே மாறியது என்று குழந்தையே சொல்ல வேண்டும். அதே சொற்களை அது உச்சரித்துக்கொண்டே எழுதும். இதுவரை கற்ற எழுத்துகள் மட்டும் வரும் சிறு பத்தியை வாசிக்கும். தவறு நேர்ந்தால் அந்த நொடியிலேயே திருத்துவோம். அடுத்த நாள் புதிய பாடத்துக்கு முன் பழையதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். ஊகித்துச் சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. தன் கண்ணையும் காதையும் நம்பி ஒரு சொல்லை முழுதாக வாசித்துவிட்ட குழந்தை அடுத்த சொல்லுக்குத் தானாகவே விரலை நகர்த்தும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இது எல்லாக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டுமே என்ற ஆதங்கம்தான் எனக்கு எழுகிறது.

இந்த வழி அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் ஆனா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் 1920, 1930களில் தொடங்கி வைத்தது. பின்னர் பல பெயர்களில் பல பயிற்சிகள் வந்தன. பெயரைவிட உள்ளடக்கமே முக்கியம் என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, ஒலியுணர்வு (சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிதல்), எழுத்து–ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளறிதல் ஆகிய ஐந்தையும் முன்னிறுத்தியது. இவற்றில் முதலிரண்டையும் முறையாகவும் நேரடியாகவும் கற்பிப்பது இந்தக் குழந்தைகளுக்கு இன்றியமையாதது.

‘அதெல்லாம் ஆங்கிலத்துக்கு, தமிழில்தான் எழுதியதை எழுதியபடியே வாசிக்கலாமே’ என்று ஆசிரியர்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தின் குழப்பம் தமிழில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தமிழுக்கென்று தனிச் சுமைகள் உண்டு. 247 எழுத்துகளின் பரப்பு ஒருபுறம். ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு, நாவுக்கு முதலில் வருவது ககரம். ‘கொ’ என்பதில் ஒரே உயிரொலி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றாகவே இருக்க, உகரக் குறியோ ‘கு’, ‘சு’, ‘து’, ‘மு’ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி வேறு. ல, ள, ழ வேறுபாடு பேச்சிலேயே மங்கியிருக்கும் குழந்தைக்கு எழுத்தில் அது மேலும் சிக்கலாகிறது. மற்ற குழந்தைகள் இவற்றைப் போகிற போக்கில் கற்றுக்கொள்கிறார்கள். இவர்களுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டும். எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட மந்த வேகமாகவே வெளிப்படுகிறது என்பது ஜெர்மன், இத்தாலிய மொழிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளால் தெரிந்த செய்தி. எனவே, பிழையின்றி ஆனால் எழுத்தெழுத்தாக இழுத்து இழுத்து வாசிக்கும் பிள்ளையையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

பயிற்சியின் அளவும் முக்கியம். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் பெயருக்கு நடத்தினால் போதாது. 2001இல் ஜோசப் டோர்கெசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கடுமையான வாசிப்புக் குறைபாடு உள்ள, 8 முதல் 10 வயதுக்குட்பட்ட 60 குழந்தைகளுக்கு, தலா 67.5 மணி நேரம், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், நாளுக்கு இரண்டு முறை, சுமார் 8 வாரங்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. சொற்களைச் சரியாக வாசிப்பதிலும் பொருளறிவதிலும் அவர்கள் பெற்ற பெரும் முன்னேற்றம் ஈராண்டுகள் கழித்தும் நிலைத்திருந்தது. வாசிப்பு வேகம் மட்டும் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆகவேதான் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் பயிற்சிக்குப் பிறகும் தொடர வேண்டும் என்கிறேன். பயிற்சி நடந்துகொண்டிருக்கும் காலத்தில் அறிவியலும் வரலாறும் நின்றுவிடக் கூடாது. பாடங்களை வாசித்துக் காட்டியோ ஒலிப்பதிவாகக் கேட்கவைத்தோ கற்பிக்கலாம். சலுகையைக் காட்டிப் பயிற்சியையோ, பயிற்சியைக் காட்டிச் சலுகையையோ மறுப்பதைத்தான் ஏற்க முடியாது.

‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் மொழியே மிகுந்த தீங்கு செய்கிறது. வாசிக்கத் திணறும் குழந்தை குறைவாக வாசிக்கிறது. குறைவாக வாசிப்பதால் புதிய சொற்கள் சேர்வதில்லை. மேல் வகுப்புக்குப் போகப் போக எல்லாப் பாடங்களும் வாசிப்பைச் சார்ந்தே அமைவதால், ஒன்றில் தொடங்கிய பின்னடைவு எல்லாவற்றுக்கும் பரவுகிறது. முதல் இரண்டு வகுப்புகளுக்குள் கண்டறிந்து கற்பிப்பவர்களுக்குப் பணி எளிது. மருத்துவச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எழுத்துகள் மனத்தில் நிற்காத, எதுகை பிடிபடாத, குடும்பத்தில் வேறொருவருக்கும் இதே சிரமம் இருந்த குழந்தைக்கு இந்தப் பயிற்சியை உடனே தொடங்கலாம். அதற்கு டிஸ்லெக்சியா இல்லை என்று பின்னர் தெரிந்தாலும் கற்றது வீணாகப் போவதில்லை.

வகுப்பில் நிற்கும் ஆசிரியரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒரு குழந்தை எவ்வாறு வாசிக்கக் கற்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை அவருக்குப் பயிற்சிக் காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லையென்றால் அவர் என்ன செய்வார்? ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டங்களில் இது செய்முறைப் பயிற்சியோடு கூடிய கட்டாயப் பாடமாக வேண்டும். குறைபாட்டின் விளக்கத்தை ஒரு பத்தியில் எழுதித் தேர்வில் தேறும் நிலை மாற வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் இந்த முறையில் தேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலைகளைச் சுமத்தாமல் கால அட்டவணையில் இதற்கென்று நாள்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும். பெற்றோரும் பள்ளியிடம் என்னென்ன சலுகைகள் உண்டு என்று கேட்பதோடு நிறுத்தாமல், என் குழந்தைக்கு வாசிக்கக் கற்றுத்தருபவர் யார், எந்த முறையில், வாரத்தில் எத்தனை மணி நேரம், முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர் ஒருவர்